இரண்டு கையாலும் வாங்கிய தட்டு

செவ்வாய், பிரிக்ஃபீல்ட்ஸ்

இல்லை, கையெழுத்து போடவில்லை. அதனால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது.

அக்காவின் கல்யாணத் தேதியை ஒரு கம்பெனி விருந்துக்குக் கொடுத்துவிட்டதாகக் கிள்ளானில் நாங்கள் பேசி வைத்திருந்த மண்டபத்தின் சொந்தக்காரர் இன்று சொன்னார். நாங்கள் பத்திரிகை அடித்துப் பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது.

"வெத்தல பாக்குத் தட்டை ரெண்டு கையாலயும் வாங்கினீங்களே, அங்கிள்."

"அது மரியாதைக்கு வாங்குனதும்மா. சைன் பண்ணோமா?"

"நான் பேப்பர் கேட்டேன். நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்குன்னு சொன்னது யாரு?"

சிரித்தார். "சட்டம் படிச்ச பிள்ளைகிட்ட பேச முடியாது லா." தட்டில் வைத்துக் கொடுத்த முன்பணத்தை அதே உறையோடு என் பக்கம் தள்ளினார்.

நாங்கள் கேட்டோம், அவர் சம்மதித்தார், முன்பணம் கைமாறியது. வாய்ப்பேச்சே போதும் என்பது முதலாண்டுப் பாடம். ஆனால் அந்த உறையை எடுத்தால், ரத்துக்கு நானே சம்மதித்தேன் என்பார். தட்டை வாங்கும்போது நாங்கள் 'நம்ம ஆளுங்க'. கம்பெனி வந்ததும் கையெழுத்து இல்லாதவர்கள்.

உறையை மேசையிலேயே விட்டு எழுந்தேன். "எடுத்துட்டுப் போம்மா" என்று வாசல்வரை வந்தார். நான் திரும்பவில்லை.

வீட்டில் அக்கா கேட்டாள், "மண்டபம் கன்ஃபர்ம்தானே?" ஆமாம் என்றேன். வழக்குப் போட்டால் நஷ்டஈடு கிடைக்கலாம். அந்தத் தேதியில் அவர் மண்டபம் திரும்பக் கிடைக்காது.

அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: பணத்தை வாங்கவில்லை, தேதியை விடவில்லை. நீல டிக் விழுந்தது. பிறகு பெட்டாலிங் ஜெயாவில் அதே தேதிக்கு வேறு மண்டபம் தேட ஆரம்பித்தேன்.