ஒன்பதடி அறைக்கு எட்டு அங்குலம்

அன்புள்ள மகாராணிக்கு,

நானும் உன் மகளும் சௌக்கியம். இந்தக் கடிதம் முழுவதும் உன் சௌக்கியத்தைப் பற்றித்தான், ஆகையால் அதைக் கடைசியில் கேட்கிறேன். இதற்கு முன் நான் உனக்குக் கடிதம் எழுதியது ஒரே ஒரு முறை, கல்யாணத்துக்கு முன்னால். அதிலும் பாதிக்கு மேல் உன் அப்பா செய்யச் சொன்ன கட்டிலின் அளவுதான் இருந்தது. எனக்கு எழுத்து கோர்வையாக வராது. பொறுத்துக்கொண்டு படி.

முதலில் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ சொன்ன எட்டு அங்குல ஸ்பீக்கரை நான் வாங்கவில்லை. ஐந்து அங்குலம்தான் வாங்கியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. காரணம் இருக்கிறது.

அறை முடிந்துவிட்டது. பின்பக்கம் நான் பலகை அடுக்கி வைத்திருந்த அறையா இது என்று நீயே கேட்பாய். நாடகக் குழுவோடு சவுண்டு வேலைக்கு நீ கிளம்பின அன்று, இந்த ஒரு சுற்றுப்பயணத்தோடு சரி, அடுத்த வருஷம் முதல் வீட்டிலேயே ரெக்கார்டிங் அறை போட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று சொன்னாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னதால் உனக்கு மறந்திருக்கலாம். நான் அன்று சாயங்காலமே பலகைகளை வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அதில்தான் ஒரு கூத்து நடந்தது. அறை அகலம் ஒன்பதடி, உயரம் ஒன்பதடி, நீளம் மட்டும் பத்தேமுக்கால். அந்த ஒன்றேமுக்கால் அடி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. உனக்குக் கொடுக்கிற அறையில் ஒரு குறை இருக்கலாமா என்று ஒரு வாரம் உழைத்து, சட்டம் அடித்து, பிளைவுட் சுவர் எழுப்பி, நீளத்தையும் ஒன்பதாக்கினேன். எந்த மூலையில் மூலைமட்டம் வைத்தாலும் மயிரிழை இடைவெளி கிடையாது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் செய்தி வந்தது. எட்டு அங்குலத்துக்குக் குறைந்து வாங்க வேண்டாம், சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். எட்டு அங்குலம் என்றால் பெட்டியின் உயரம் என்று நினைத்து, அதற்கேற்ற மாதிரி அழகாக ஒரு தட்டு அடித்தேன். கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, எட்டு என்பது உள்ளே இருக்கும் வட்டத்தின் அளவாம். பெட்டி பதினாறு அங்குலம் நிற்கிறது. அந்தத் தட்டில் இப்போது உன் மகளின் செருப்புகள் இருக்கின்றன.

உன் பழைய கடைக்காரரிடம்தான் போனேன். ஒன்பதடி அறை என்று சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மேடமா எட்டு கேட்டாங்க? போன வருஷம் இதே இடத்துல நின்னு ஒருத்தருக்குப் புத்தி சொன்னாங்களே. சின்ன ரூமுக்கு அஞ்சு போதும், எட்டு வெச்சா பாட்டு பாடாது, ரூம்தான் பாடும்னு" என்றார். நீ மனசு மாற்றிக்கொண்டிருப்பாய் என்று சமாளித்தேன். அவர் விடவில்லை. "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க அண்ணா. வெச்சுப் பாருங்க. நாளைக்கு நானே வந்து ஒண்ணைத் தூக்கிட்டு வர்றேன்" என்றார். நல்ல மனுஷன்.

எட்டு அங்குலத்தை வைத்துப் பாட்டைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. என் ஆணி டப்பா தானாக மேஜை ஓரத்துக்கு நகர்ந்தது. அறை நடுவில் உட்கார்ந்தால் பேஸ் என்கிற அடிச் சத்தத்தில் ஒரு சுரம் அப்படியே காணாமல் போகிறது, எழுந்து மூலைக்குப் போனால் அதே சுரம் நெஞ்சில் வந்து உதைக்கிறது. நானும் உன் மகளும் நடுவுக்கும் மூலைக்குமாக நடந்து நடந்து பார்த்தோம். கொடுக்கு என்று நான் அவளுக்குப் பெயர் வைத்தது தப்பே இல்லை. "அப்பா, இது ஸ்டுடியோவா, இல்ல தண்ணித் தொட்டியா" என்று கேட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு படிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் கடைக்காரர் வந்தார். நின்ற இடத்திலிருந்தே மூன்று பக்கமும் கண்ணாலேயே அளந்தார். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் ஒரே சுரம் மூன்று பக்கமும் மோதி மூன்று மடங்காகத் திரும்புமாம். ரெக்கார்டிங் அறைக்கு இதைவிட மோசமான அளவு கிடையாதாம். நீளம் முன்னால் பத்தேமுக்கால் இருந்தது என்று உன் மகள் வாசலிலிருந்து போட்டுக்கொடுத்தாள். "பத்தேமுக்கால்ல இருந்ததை யார் அண்ணா ஒன்பதாக்கினது" என்றார். நான் மூலைமட்டத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஐந்து அங்குலத்தை மாட்டிப் போட்டுக் காட்டினார். ஆட்டம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. மீதிக்கு, நான் எழுப்பின சுவரைப் பிரித்துவிட்டு மூலைகளில் தடிமனான பஞ்சுப் பலகை அடிக்கச் சொன்னார்.

இதுவரை சிரிப்புக் கதை. இனிமேல் வருவதை உட்கார்ந்து படி.

ஸ்பீக்கரைச் சோதிக்க நான் போட்டது போன மாதம் நீ அனுப்பின புது நாடகப் பாட்டு. கடைக்காரர் சட்டென்று சத்தத்தைக் குறைத்தார். இது யார் மிக்ஸ் செய்தது என்று கேட்டார். நீதான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ செய்த பாட்டு ஒன்றைத் தன் ஃபோனிலிருந்து போட்டார். பிறகு மறுபடியும் புதுசைப் போட்டார். எனக்கு இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வாசலில் நின்ற கொடுக்கு காதைப் பொத்திக்கொண்டாள். புதுசில் 'ச' வரும் இடமெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, வந்த அன்றே அப்படித்தான் இருந்தது, அம்மா வருத்தப்படுவாள் என்று சொல்லவில்லை என்றாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என் பெண்டாட்டி வேலையில் குறை சொல்கிறீர்களா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரர் மெதுவாக, "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா. மேடம் காதை எப்பவாவது டாக்டர்கிட்ட காட்டியிருக்காங்களா" என்று கேட்டார். நான் ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பாவம், அவருக்கு ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை.

அப்புறம் ஒன்று ஒன்றாக ஞாபகம் வந்தது. அறைக் கதவு உள்பக்கம் திறக்க வேண்டுமா வெளிப்பக்கமா என்று ஃபோனில் கேட்டேன், நீ ஆமாம் என்றாய். நான் அதை வைத்து என்ன செய்வேன், இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி கீல் போட்டேன். எப்போதும் லைன் சரியில்லை என்கிறாய். அதே லைனில் உங்கள் குழு மேனேஜர் பேசினால் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. மழுங்கின உளியை நான் என்னையறியாமல் அழுத்திப் பிடிப்பேன் இல்லையா, நீயும் அப்படித்தான் கேட்காத சத்தத்தை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறாய். எட்டு அங்குலம் கூட்டிக் கொடுப்பது பேஸைத்தான், உனக்குக் குறைவது 'ச' மாதிரி கீச்சென்று வரும் மேல் சத்தம். இது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டாய் என்றால் எவ்வளவு பயந்திருப்பாய்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு என் ஃபோனை எடுத்து உனக்கு அனுப்பினதையெல்லாம் பார்த்தேன். பத்து மாதமாக அறை, அறை, அறை. அடித்த ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு படம். ஒருவன் இப்படிக் குதித்துக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து எப்படிச் சொல்வாய். அது என் தப்பு. மன்னித்துவிடு.

போன வாரம் காது டாக்டரிடம் போனேன். உனக்காகத்தான் போனேன். பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் உனக்கு எழுதலாம் என்று கேட்டேன். சொன்னால் புரியாது, நீங்களே உட்காருங்கள் என்றார். சின்னக் கண்ணாடி அறை, நாலடிக்கு நாலடி கூட இராது. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வலி ஒன்றும் இல்லை. நான் சமர்த்தாக அழுத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் எதுவுமே கேட்கவில்லை, மெஷின் நின்றுவிட்டது போல என்று நினைத்து வெளியே பார்த்தால் மெஷினை இயக்குகிற பெண் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறாள். கடைசியில் டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். கோடு நேராக வந்து வலது ஓரத்தில் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. அந்த ஓரம்தான் மேல் சத்தமாம். எத்தனை வருஷமாக அறுப்பு மெஷின் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

ஆக, உனக்கு முன்னால் எனக்குப் போய்விட்டது. புதுப் பாட்டு எனக்கு மட்டும் ஏன் தேனாக இருந்தது என்று இப்போது புரிகிறதா? அதை நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். பொருத்தம் பார்க்காமல் பண்ணின கல்யாணத்தில் இப்படி ஒரு பொருத்தம் அமையும் என்று யார் நினைத்தது.

உன்னைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன் என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லாத ஆள். ஒன்று மட்டும் உறுதியாகச் சொன்னார். போனது திரும்பாது, ஆனால் மிச்சம் இருப்பதை அந்தப் பெரிய ஸ்பீக்கர் கோபுரங்களுக்குப் பக்கத்தில் நின்றே செலவழித்துவிடக் கூடாது. எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, காதில் கருவி வைத்துக்கொண்டு, இன்னொரு நல்ல காதைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடர்கிறவர்களும் இருக்கிறார்களாம். இன்னொரு காதுக்கு நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. ஒரு பிசிறு இருந்தால் விடாது, வாயும் சும்மா இராது.

உனக்கு இன்னும் பதினான்கு நிகழ்ச்சிகள் பாக்கி இருக்கின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த உறைக்குள் காது அடைப்பான் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், நசுக்கி உள்ளே விட்டால் தானாக விரியும். இது கையில் கிடைத்ததும் அடுத்த நிகழ்ச்சியிலேயே போட்டுக்கொள். நான் மெஷின் போடும்போதெல்லாம் போட்டுக்கொள்கிறேன், உன் மகள் காவல் நிற்கிறாள். அந்த ஊரிலேயே ஒரு காது டாக்டரைப் பார். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு வந்துவிடு. மேனேஜர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவருக்கு ஒரு சவுண்டுக்காரி கிடைப்பாள். எனக்கு நீ ஒருத்திதான்.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லியிருக்கலாம். நீ ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்திருப்பாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நீயும் காகிதத்திலேயே பதில் எழுது. டாக்டர் கொடுக்கிற கோட்டுப் படத்தையும் அதோடு அனுப்பு. நீ சௌக்கியமா என்று முதலில் கேட்காமல் விட்டேனே, அதற்குப் பதில் அதுதான். என்னுடையதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், பக்கத்தில் உன்னுடையதுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நேற்று அந்தப் பொய்ச் சுவரைப் பிரித்துவிட்டேன். அறை மறுபடி பத்தேமுக்கால். இரண்டு ஸ்பீக்கரும், கேட்கிறவர் தலையும் சமமான முக்கோணமாக இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதால் தரையில் சாக்பீஸால் மூன்று புள்ளி வைத்தேன். இரண்டில் ஸ்டாண்டு நிற்கிறது, மூன்றாவதில் உன் நாற்காலி. ஸ்பீக்கர் உன் காது மட்டத்தில் இருக்க வேண்டுமாம். உட்கார்ந்தால் தரையிலிருந்து உன் காது நாற்பத்தைந்து அங்குலம் என்று என் பழைய நோட்டில் இருக்கிறது. ஆனால் பத்து மாதமாக உன்னை அளக்கவில்லை, அதனால் ஸ்க்ரூ எதையும் இறுக்காமல் விட்டிருக்கிறேன். வந்து அந்த நாற்காலியில் உட்கார். உன் காது எப்படி இருந்தாலும் சரி, அது இருக்கிற உயரத்தில் நான் வைத்துத் தருகிறேன்.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அளவுநாடாக்காரன்