பென்சிலில் எழுதிய பெயர் குறித்து

அனுப்புநர்:
நெரெய்டா வில்யால்வா சொலானோ, வயது 31,
புளிச்சைப் பூ வியாபாரி, கடை எண் 46,
நகராட்சிச் சந்தை, அயூத்லா,
குவெரேரோ மாநிலம், மெக்சிகோ.

பெறுநர்:
விசா அதிகாரி அவர்கள்,
மாணவர் அனுமதிப் பிரிவு, கனடா தூதரகம், மெக்சிகோ நகரம்.

பொருள்: கனடாவில் சர்வதேச வணிகம் படிக்க நான் அளித்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாகக் காய்ந்த புளிச்சைப் பூவை மூட்டை கட்டி அனுப்பி வருகிறேன். எழுத்து வெட்டிய தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, மை தடவி, கனடாவின் துறைமுக நகரான ஹாலிஃபாக்ஸ் என்று ஊர்ப் பெயர் போடுவதும் நான்தான். லாரி கிளம்பிய பிறகு அந்த மூட்டையை யார் பிரிக்கிறார், அந்தக் குளிரில் அதை என்ன செய்து குடிக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. "பூவெல்லாம் கப்பலேறிப் போவுது, நீ மட்டும் இங்கயே கெடந்து காயுறக்கா" என்று என் தங்கை யூரிடியா கேலி செய்வாள். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் அந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. மனுவில் எழுதத் தகாததுதான், இருந்தும் எழுதுகிறேன்.

2. சென்ற ஆண்டு எண்பது மூட்டைகள் அந்தத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தன. காரணம் எழுதிய நான்கு பக்கத் தாள் எங்கள் சந்தையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. தரகர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றுதான் படிப்பது என்று முடிவு செய்தேன். அங்குள்ள கல்லூரி எனக்கு இடம் தந்துள்ளது. ஜனவரி 6 அன்று வகுப்பு தொடங்குகிறது.

3. கடையைத் தங்கைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதால் நான் நாடு திரும்புவேன் என்று நம்ப இடமில்லை எனத் தங்கள் கடிதம் கூறுகிறது. இதில் பாதித் தவறு என்னுடையதுதான். பொறுப்பானவள் என்று காட்டிக்கொள்ள, யாரும் கேட்காத சந்தைப் பதிவேட்டின் நகலை நானே இணைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

4. எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போகிறவர் சங்கத் தலைவர் தோன் அபுந்தியோவிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். "கடை ஒரு நாள்கூடச் சும்மா கெடக்கக் கூடாதும்மா, யார் பேரையாவது எழுதிட்டுப் போ" என்பார். கடைக்காரர் பெயர் மையில் இருக்கும். பார்த்துக்கொள்பவர் பெயரை அதன்கீழ் பென்சிலில் எழுதுவார். கடைக்காரர் திரும்பிய அன்று அதை அழித்துவிடுவார். மீன்கடை எலிசேயோ எட்டு ஆண்டுகள் கழித்து வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. நான் படிக்கப் போவதாகச் சொன்னதும் என் பெயரின்கீழ் தங்கையின் பெயரையும் அப்படியே பென்சிலில் எழுதினார். நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு மையும் பென்சிலும் ஒரே கறுப்பு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

5. எனவே அசல் தாளையே இத்துடன் அனுப்புகிறேன். பதிவேடு சந்தை வாசலைத் தாண்டாது என்று தோன் அபுந்தியோ மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் அவரே பிளேடால் தாளை வெட்டிக் கையில் கொடுத்தார். திரும்பக் கொண்டுவந்து ஒட்டவேண்டியது என் பொறுப்பு என்றார். நான் ஊர் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளவும்.

6. இந்த வாரமும் நாற்பது மூட்டைகளில் அந்த ஊர்ப் பெயரைப் போட்டு அனுப்பினேன். அவை ஜனவரிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். நானும் போய்ச் சேரத் தாங்கள் மனம் வைக்கவேண்டும்.

7. இன்னமும் ஐயம் இருந்தால், உறையில் ஓர் அழிப்பான் வைத்துள்ளேன். என் தங்கையின் பெயரைத் தாங்களே அழித்துப் பார்க்கலாம். அவளிடம் கேட்டுவிட்டேன். "அழிச்சா அழிக்கட்டும்க்கா, மறுபடி எழுதிக்கலாம்" என்றாள். பிறகு அதே அழிப்பானால் மேலே உள்ள என் பெயரையும் அழித்துப் பார்க்க வேண்டுகிறேன். அது போகாது.

இடம்: அயூத்லா
நாள்: 14.11.2024

மையில் கையெழுத்திடும்,
நெரெய்டா வில்யால்வா சொலானோ

இணைப்பு: பதிவேட்டின் அசல் தாள் 1, கல்லூரியின் அனுமதிக் கடிதம் 1, அழிப்பான் 1.