பிள்ளையோடு வாய்க்கால்கரைக்கு வந்த மச்சாளுக்கு

என் பாசமுள்ள மச்சாள்,

இந்தச் சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீர் முரசுமோட்டையின் கடைசி வயல்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர்ப் பங்கீட்டுக்குப் பொறுப்பு நான்தான். உங்களுக்குச் சொல்லாமல் இந்தச் சந்தோசத்தை யாருக்குச் சொல்ல?

நான் நீர்ப்பாசன வேலையில் சேர்ந்த புதிதில்தானே என் மூத்தவன் ஆதவன் பிறந்தான். பிரசவ லீவு முடிய உங்கள் தம்பி சொன்னார்: "பிள்ளை பால்குடி மறக்குமட்டும் வேலையை விட்டிட்டு நில்லுமன். பிறகு பாப்பம்." கெட்ட மனதோடு சொல்லவில்லை. எனக்கும் மனம் தளம்பியது. பச்சைப்பிள்ளையை விட்டுவிட்டு வாய்க்கால் அளக்கப் போகிறவள் என்ன தாய் என்று அழுதேன்.

நீங்கள் குசினிக்குள்ளிருந்து ஈரக் கையோடு வந்தீர்கள். "பிறகு எண்டது வராதடா. எனக்கு வந்ததே?"

கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதற்பிள்ளையாக இருந்தவர் நீங்கள். இடப்பெயர்வுக்குள் பதினெட்டு வயதில் கலியாணம், உடனேயே மகள் மாதவி. மூடிய புத்தகத்தைப் பிறகு திறக்க யார் விட்டார்கள்?

"அவளை விடு. பிள்ளையை நான் பாக்கிறன். பால் குடுக்கிற நேரத்துக்கு அவள் நிக்கிற இடத்துக்குக் கொண்டுபோறன்" என்றீர்கள்.

அப்படியே செய்தீர்கள். நான் எந்த வாய்க்கால்கரையில் நின்றாலும், மத்தியானம் ஓட்டோவில் பிள்ளையோடு வந்து இறங்குவீர்கள். மருதமர நிழலில் நான் பால் கொடுக்க, குடையை மறைப்பாகப் பிடிப்பீர்கள். ஒருநாள் ஒரு கமக்காரர், "இஞ்சினியர் அம்மா பிள்ளை வளக்க வந்தவாவோ?" என்று சிரித்தார். நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. "பிள்ளைக்குப் பாலும் வரும், உங்கட வயலுக்குத் தண்ணியும் வரும். ரெண்டையும் அவாதான் தருவா."

இந்தமுறை கமக்காரர் கூட்டத்தில், பொறுப்பு எனக்கே வேண்டும் என்று முதலில் எழும்பிச் சொன்னவர் அந்த மனிசன்தான் மச்சாள்!

புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனபோது சின்னவள் என் வயிற்றில். இனி வேலை இல்லை என்றே நினைத்தேன். "அக்கா இல்லாட்டி என்ன, நான் இருக்கிறன்" என்றார் உங்கள் தம்பி. வயல்வேலையை விடியவே முடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். ஊர் சிரித்தது. பிறகு பழகிவிட்டது.

மாதவி இப்போது தர்மபுரத்தில் கணித ஆசிரியை. அவளுக்கும் மகன் பிறந்திருக்கிறான். நீங்கள் காணக் கிடைக்காத பேரன். போன கிழமை அவள் வேலைக்குத் திரும்பினாள். பேரனை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்தவளிடம், "களைச்சுப்போனாய், அரைநாள் லீவு போடன் பிள்ளை" என்றேன். "ஓ எல் சோதனைப் பிள்ளையள் காத்துக்கொண்டிருக்குதுகள் மாமி" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்குள் போனாள். உங்கள் நடையேதான்.

உங்கள் கடைக்குட்டி துளசிக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்துவிட்டது. அவளுக்குக் கலியாணம் வரட்டும், பிள்ளைகள் வரட்டும். அவளின் படிப்புக்கும் வேலைக்கும் குறுக்கே யார் வந்தாலும், அவர்களுக்கு முன்னால் நான் நிற்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் தம்பி பெண்சாதி, உங்கள் கையால் நிமிர்ந்தவள்,
வசந்தி