நாலாவது ஆள்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
ஏப்ரல் 17

அன்புள்ள நீலாவதிக்கு,

சியாமளா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமாக இல்லை என்பது தெரியும். நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாயும் இல்லை.

நான் கூப்பிட்டால் நீங்கள் போன் எடுப்பதில்லை. உங்கள் வீட்டுக்காரர் எடுத்தாலும், அவ பேசற நிலையில இல்லீங்க என்று சொல்லி வைத்துவிடுகிறார். நியாயம்தான். ஆனால் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைப் பாதியில் கிழித்துவிடாதீர்கள். கிழிப்பதானால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போலந்து போலீஸிடமிருந்து திங்கட்கிழமை கடிதம் வந்தது, சித்திரை முதல் நாளும் அதுவுமாக. உங்களுக்கும் தூதரகம் வழியாக வரும். ஆற்றில் தேடுவதை நிறுத்திவிட்டார்களாம். தண்ணீர் வடிந்த பிறகு கரையோரம் ஏதாவது தென்பட்டால் தெரிவிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். என் கணவர் உமாபதி அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு கராஜுக்குப் போய்விட்டார்.

நீங்கள் இருபது வருஷமாகக் கரூரில் நர்ஸ் வேலை பார்க்கிறவர். பனி உருகி ஓடுகிற தண்ணீரில் ஓர் உடம்பு எத்தனை நிமிஷம் தாங்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் கடைசியாகப் பேசியபோது, அக்கா, அவன் அமராவதியில நீந்திப் பழகினவனுங்க, எங்கேயாவது கரையேறி யார் வீட்டுலயாவது நெனப்பில்லாமக் கெடப்பான், நீங்க வேணா பாருங்க என்றீர்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் ஆமாம் போட்டது பெரிய தப்பு. இல்லை, நீலாவதி. அகிலன் கரையேறவில்லை. ஆறு வாரம் ஆகிவிட்டது, இனி கரையேறவும் மாட்டான். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னீர்கள். பெத்தவகிட்டப் பொய் சொல்லிட்டு ஊர் சுத்தப் போனவன்தானுங்களே, வரட்டும், வாசப்படி ஏத்தமாட்டேன் என்றீர்கள். அவனுடைய பட்டமளிப்புப் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களாம், உங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் படம் செய்த பாவம் ஒன்றுமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கே மேல்படிப்புக்கு வந்த அகிலன் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் இரண்டு வருஷம் இருந்தான். வெறும் மோர் சாதத்துக்கும், ஆன்ட்டி, பிரமாதம் என்பான். உமாபதிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, அவர் எழுவதற்கு முன்னாலேயே வாசல் பனியை அள்ளி ஒதுக்கியிருப்பான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்த்திருக்கிறீர்கள். அந்தக் குணத்தைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

போலந்துக்குப் போகத் திட்டம் போட்டவர்கள் மூன்று பேர். என் மகன் ஹர்ஷ், அவன் சிநேகிதி தாரா, இன்னொரு சிநேகிதன் அன்டன், இலங்கைத் தமிழர் வீட்டுப் பையன். பதினாறு வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றுகிறவர்கள். தாரா பிசிக்ஸ் படிக்கிறவள். டோருன் என்று போலந்தில் ஒரு பழைய ஊர், கோப்பர்நிக்கஸ் பிறந்த ஊராம், முதுகில் பையை மாட்டிக்கொண்டு அங்கே போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மார்ச் விடுமுறையில் பத்து நாள். எனக்குக் கேட்டதும் பகீரென்றது. போலந்து எங்கே இருக்கிறது, குளிர் எவ்வளவு என்பதெல்லாம் எனக்குக் கவலையே இல்லை. மூன்று பேர் என்பதுதான் கவலை.

மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக்கூடாது என்று நம் பக்கம் சொல்வது உங்களுக்குத் தெரியாததா? பெண் பார்க்கப் போகும்போது மூன்று பேர் ஆகிவிட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தையையாவது இடுப்பில் தூக்கிக்கொண்டு போவோம். நான் முப்பது வருஷம் இங்கே கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள். எண்ணுக்கு ராசி கிடையாது என்று வகுப்பில் அடித்துச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தட்டில் மூன்று தோசை விழுந்தால் நாலாவதாக ஒரு துண்டு பிய்த்து வைப்பேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஹர்ஷிடம் சொன்னேன். அம்மா, உன் சூப்பர்ஸ்டிஷனுக்கு நான் ஆள் பிடிக்க முடியாது என்று சிரித்துவிட்டான். உமாபதிகூட, சாஸ்திரத்துக்கு வேணும்னா நீயே ஒரு ஆளைச் சேர்த்து அனுப்பு என்று கிண்டல் பண்ணினார். நான்தான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாமல் நேரே பேஸ்மென்டுக்கு இறங்கினேன்.

அகிலன் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆன்ட்டி, எனக்கு ப்ராஜெக்ட் இருக்கு, அவங்க மூணு பேரும் ஃப்ரெண்ட்ஸ், நடுவுல நான் எதுக்கு என்றான். நான் விடவில்லை. இட்லி கொடுக்கிற சாக்கில் இறங்கினேன், துணி உலர்த்துகிற சாக்கில் இறங்கினேன். அங்கிளுக்கும் எனக்கும் நிம்மதியாக இருக்கும்டா, நீ கூடப் போனால் ஹர்ஷைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன் என்று மூக்கைச் சிந்தினேன். இருக்க இடம் கொடுத்தவள் அழுதால் ஒரு பிள்ளை என்ன செய்வான்? சரி ஆன்ட்டி என்றான். அதற்கு மேல் வாதாடவில்லை.

மற்ற மூன்று பேருக்கும் கனடா பாஸ்போர்ட். இவனுக்கு மட்டும் விசா வேண்டும். அந்த விண்ணப்பத்தை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பூர்த்தி செய்தேன். கிடைக்க வேண்டுமே என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். கிடைத்ததும் கோயிலுக்குப் போய் உடைத்துவிட்டும் வந்தேன். யார் யாருக்கோ காரணமே இல்லாமல் விசா மறுக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மறுக்கவில்லையே.

இப்போது அந்தப் பொய். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், அம்மாகிட்டச் சொல்லிடறேன் ஆன்ட்டி என்று போனை எடுத்தான். நான்தான் தடுத்தேன். உங்கம்மா நைட் டியூட்டிக்கு நடுவில் வீணாகக் கவலைப்படுவாள், போய்ட்டு வந்து போட்டோவோடு சொல்லு, சந்தோஷப்படுவாள் என்றேன். என்ன சொல்வது என்று விழித்தான். ப்ராஜெக்ட் வேலை, பத்து நாள் பேச முடியாது என்று சொல்லச் சொன்னேன். நீங்கள் கேட்ட வார்த்தை ஒவ்வொன்றும் நான் சொல்லிக்கொடுத்தது, நீலாவதி. அவன் உங்களோடு பேசிவிட்டு முகம் வாடி மேலே வந்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டும், அடை வார்த்திருக்கிறேன், சூடாகச் சாப்பிடு என்றேன்.

ஊர் சுற்றப் போனவன் இல்லை அவன். வார்சாவிலிருந்து டோருனுக்கு ரயிலில் போனபோது மற்றவர்கள் சீட்டாட, இவன் நோட்டைப் பிரித்து ப்ராஜெக்ட் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தானாம். பை திரும்பி வந்திருக்கிறது. நோட்டில் போலந்துத் தேதி போட்டு ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறான். நான் கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி பிரிக்காமல் இருக்கிறது. விடுதியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை, பொடி வாசனை மற்றவர்களுக்குப் பிடிக்காதோ என்று கூச்சப்பட்டு, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டையே மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறான்.

அங்கே எடுத்த படங்களையெல்லாம் பார்த்தேன். செங்கல் கோட்டைச் சுவர், கோப்பர்நிக்கஸ் சிலை, இஞ்சியும் தேனும் போட்டுச் செய்கிற ரொட்டிக் கடை. எல்லாவற்றிலும் மூன்று பேர்தான். அகிலன் ஒன்றில்கூட இல்லை. அவன்தான் படம் எடுக்கிற ஆள். நான் கணக்குக்காகச் சேர்த்து அனுப்பியவனை அவர்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

ஒரு வீடியோவில் மட்டும் அவன் குரல் இருக்கிறது. அந்த ஊரில் சாய்ந்த கோபுரம் ஒன்று உண்டாம். அதன் சுவரில் முதுகை ஒட்டி நின்று கையை நீட்டினால், பாவம் செய்தவர்கள் முன்னால் விழுந்துவிடுவார்கள் என்று விளையாட்டுக்குச் சொல்வார்களாம். ஹர்ஷ் விழுகிறான், தாரா விழுகிறாள், அன்டன் விழுகிறான். நீயும் வந்து நில்லு என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு அகிலன், நான் வரல, எங்கம்மாகிட்டப் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன், கண்டிப்பா விழுந்துடுவேன் என்று சொல்லிச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், கேட்டால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். வேண்டும் என்றால் அனுப்புகிறேன். உங்களிடம் சொல்லாமல் வந்தது அவனுக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம், மார்ச் நாலு. விஸ்துலா ஆற்றங்கரையில் தண்ணீர் வரைக்கும் படி இறங்குகிறது. ஊர் மதில் பின்னால் தெரிய ஒரு படம் வேண்டும் என்று மூன்று பேரும் மேலே நின்றார்கள். அகிலன் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைப் பிடித்தபடி, மூன்று பேரும் மதிலும் சேர்ந்து வரட்டும் என்று பின்னால் இறங்கிக்கொண்டே போனான். கடைசிப் படியில் பனி உறைந்திருந்தது. அன்டன் வாராவாரம் வில்லரேயிலிருந்து மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் பிடித்து இங்கே வந்து, அகிலனுடைய அறையில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறான். அவன்தான் சொன்னான். அவன் பின்னுக்குப் பின்னுக்குப் போகேக்க நாங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டனாங்கள் அன்ரி, ஓடிப்போய்க் கையை நீட்டினனான், எட்டேல்லை என்று சொல்லிவிட்டு என் காலில் விழுந்து அழுதான். ஹர்ஷ் அழுவதும் இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான்.

மூன்று பேராகப் போகக்கூடாது என்று நான் பயந்தேன். மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் அவர்களைக் கண்டதும் என் மனசில் முதலில் வந்தது, அப்பாடா, ஹர்ஷ் வந்துவிட்டான் என்பதுதான். உங்கள் பிள்ளை அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தான். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுத என்னால் முடியவில்லை.

இதெல்லாம் எழுத வேண்டாம் என்று உமாபதி சொன்னார். தவறி விழுந்தான் என்பதோடு நிறுத்திக்கொள், அவங்க தாங்கமாட்டாங்க என்றார். நீங்கள் தாங்குவீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் பிள்ளை பொய்யன், சொகுசுக்கு ஆசைப்பட்டுப் போய்ச் செத்தான் என்று நீங்கள் காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது. அவன் கடன்பட்டவன்போல் எனக்காகப் போனான். எனக்காகவே பொய் சொன்னான். அந்தப் படத்தைத் திருப்பி மாட்டுங்கள், நீலாவதி. அவன் முகத்தைப் பார்த்து அழுங்கள். செய்ய வேண்டியதையும் செய்துவிடுங்கள். பையை அனுப்பட்டுமா என்று ஒரு வார்த்தை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினால் போதும்.

மூத்தவள் எழுதுகிற கடிதம் ஆசீர்வாதத்தில் முடிய வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஒரு கெஞ்சல்தான் இருக்கிறது. பெற்ற வயிறு எரிந்து ஒரு சொல் சொன்னால் அது பலிக்கும் என்று நம்புகிறவள் நான். நீங்கள் என்னைச் சபிப்பீர்கள். சபியுங்கள், எனக்குத் தகும். என் பெயரைச் சொல்லி, என் தலையில் விழ வேண்டும் என்று சொல்லியே சபியுங்கள். ஆனால் உன் பிள்ளைக்கும் இப்படி ஆகட்டும் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். பாருங்கள், இவ்வளவுக்குப் பிறகும் என் பிள்ளைக்காகத்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன். அது எனக்கே தெரிகிறது. தெரிந்தும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஹர்ஷின் அம்மா
சியாமளா