ஆஸ்பத்திரிக்குப் போன கீரைக்கூடைகள்

அம்மா, உன் சும்மாட்டுத் துணியை எத்தனை முறை அலசினாலும் கொத்தமல்லி வாசனை போகவில்லை. இன்று காலை அதன்மேல் கூடையை வைத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சி நிலையத்துக்குள் நுழைந்தபோது சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் நம் பாசஞ்சரை விட்டு இறங்கி, அதே டிக்கெட்டில் ஏறிப் போக ஊருக்குள் இலகு ரயில் என்று மெட்ரோ மாதிரி ஒரு சின்ன ரயில் விடப்போகிறார்களாம். அது ஜங்ஷனிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறது. சந்தைப் பக்கம் கோடே இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோட்டைப் போட்டது நீதான்.

போன வருஷம் பாசஞ்சரில் கணக்கெடுக்க வந்தவர், யார் எங்கே போகிறோம் என்று ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். நீ என் தொடையில் கிள்ளினாய். "ஏட்டி, வாயத் தொறக்காத. சந்தைன்னு சொன்னா கூடைக்கு அபராதம் போட்டுருவான்."

கூடையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னாய். உன்னைப் பார்த்து, கீரை விற்கப் போகிற அத்தனை பெண்களும் அதையே சொன்னார்கள்.

"எல்லாருக்கும் அப்படி என்னக்கா சீக்கு?" என்று கேட்டார் அவர்.

"கேள்வி கேக்க ஆளு வந்தா வார தலவலிதான் தம்பி."

பெட்டியே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே எழுதினார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அவர் தாளை வாசித்துவிட்டேன். புது ரயில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான கணக்கு அது. ஆனால் புது ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சில மாதங்களில் நீ நிஜமாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

உன் சந்தேகம் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. வழி காட்டுகிறேன் என்று ஒருவன் வந்தால், "நம்ம வழிய அடைக்கானான்னு மொதல்ல பாரு" என்பாய். பார்த்தேன். பாசஞ்சர் நேரம் மாறலாம் என்று வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. கூடையை ஏற்றவிடுவார்களா என்பது எங்குமே இல்லை.

பக்கத்தில் மேசை போட்டுக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாள், எங்கே போகிறாய் என்றார். கூடை தலையில் இருந்தது. நீ கிள்ளிய இடம் சுரீர் என்றது.

"சந்தைக்கு," என்றேன். "எங்க பெட்டியில வார எல்லாருமே சந்தைக்குத்தான் போறோம். அங்கன ரயில் நிக்கணும். கூடை வைக்கவும் எடம் வேணும்."

அவர் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார்.

பிறகு என் பேரைக் கேட்டார். பாசஞ்சர் வந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். வண்டி வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது அம்மா.