வடக்குத் தீவில் வைத்த தாம்பாளம்

ரங்கூன்
அட்சய வருஷம் ஆவணி மாதம் 7, திங்கட்கிழமை

சௌபாக்கியவதி ஜெயம்மாவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் நம் கூரையில் ஒழுகுகிற மழையும் சௌக்கியம், மிச்சினாவில் நீயும் மாப்பிள்ளையும் உள்ளேயிருந்து உதைக்கிற சின்னவரும் சௌக்கியமா. முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், படித்துவிட்டுச் சிரித்தால் சிரி, கோபித்தால் கோபி. உன் கல்யாணத்தில் சந்தனத் தட்டு முதலில் அவர்களுக்குப் போகவில்லை என்றுதான் உன் மாமனார் மாமியார் நம்மோடு பேச்சை நிறுத்தினார்கள் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தேனே, அது பொய். சந்தனத் தட்டு ஒழுங்காகத்தான் போயிற்று. உன் மாமியார் கனகாம்பாள் அத்தனை நகையும் போட்டுக்கொண்டு ஆடி அசைந்து வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார்களா, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தேர் நிலைக்கு வந்தாச்சு, யாராச்சும் முட்டுக்கட்டை போடுங்க என்று சொல்லிவிட்டேன். மேளக்காரன் சிரித்த சிரிப்பில் அவன் வாசிப்பே நின்றுவிட்டது. அதுதான் காரணம். ஒன்றரை வருஷமாக உன் அப்பாவுக்குக்கூட இதை நான் சொல்லவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிவர வேண்டுமானால் நாங்கள் தாம்பாளம் வைத்து இதே ஊரில் இருக்கிற சம்பந்தி வீட்டில் கேட்க வேண்டும், அவர்கள் சரி என்று சொல்ல வேண்டும். ஆவணி தாண்டினால் புரட்டாசியில் அனுப்ப மாட்டார்கள், ஐப்பசியில் ஒன்பதாம் மாதம், அந்த வயிற்றோடு இரண்டு நாள் ரயிலில் உன்னை எப்படி உட்கார வைப்பது. நீ போன கடிதத்தில், அம்மா எப்ப வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போவே என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான், உன் அம்மா, சோறு இறங்காமல் இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

அப்படியிருக்க, துறைமுகத்துச் சங்கத்தில் நேற்று ஞாயிற்றுக்கிழமை மோட்டார் பஸ் பிடித்து, வடக்கே ஆற்று நடுவில் இருக்கிற மூன்று தீவுகளுக்குக் கூட்டிப் போனார்கள். பழைய ராஜாக்கள் காலத்துப் புத்தர் கோயில்கள், பயா என்பார்களே, அங்கே உண்டு, எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள் என்று தெரிந்ததும் உன் அப்பா வயிற்று வலி என்றார். ரெண்டு ஆளுக்கும் சீட்டு வாங்கியாச்சு, வயிறும் கூட வரட்டும் என்று இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் எனக்கு மிஞ்சியது கடைசிப் பலகை, உன் மாமியாருக்குப் பக்கத்தில். இன்சின் ஊரைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மேலே கட்டிய படுதா சல்லடை. உன் மாமியார் பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்தார்கள், தனக்கு மட்டும். அந்தக் குடையில் வழிந்த தண்ணீர் அத்தனையும் என் மடியில். என் நாக்கில் ஒன்பது பேச்சு வந்தது ஜெயம்மா, ஒன்பதையும் முழுங்கினேன், உன்னை நினைத்துக்கொண்டு. முன்னால் உன் அப்பாவும் உன் மாமனாரும் ஒரே பலகையில் உட்கார்ந்து, கோயில் மதில்மேல் இருக்கிற இரண்டு நந்தி மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். சேற்றில் சக்கரம் இரண்டு தரம் பதிந்தது, இரண்டு தரமும் இறங்கித் தள்ளினோம், அப்போதும் ஒருத்தருக்கொருத்தர் பேச்சில்லை.

படித்துறைக்குப் போனால் லாஞ்சிப் படகில் ஏற ஒரே ஒரு பலகை, மழையில் பாசி பிடித்து வழுக்குகிறது. எல்லாரும் ஏறிவிட்டோம். உன் மாமியார் பாதிப் பலகையில் நின்றவர்கள்தான், முன்னாலும் வரவில்லை பின்னாலும் போகவில்லை, கீழே ஆறு சுழித்துக்கொண்டு ஓடுகிறது, முகம் வெளுத்துப் போயிற்று. கிட்டே போக ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் இறங்கிக் கையை நீட்டினேன். அவர்கள் என் கையைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் மெதுவாக, என்னா ரத்தினம்மா பாத்துக்கிட்டு நிக்கிறே, தேரு நகரணும்னா வடத்தைப் பிடிச்சு இழுக்க வேணாமா என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, மழையில் எது எது என்று தெரியவில்லை. இழுத்து உள்ளே போட்டேன். அங்கேயே காலைத் தொட்டு, சம்பந்தியம்மா, என் வாய்க்கு ஒரு பூட்டு இல்லாமப் போச்சு, பொறுத்துக்கணும் என்றேன். காலை விடு, நீயே வழுக்கி விழுந்துடாதே என்றார்கள்.

அதே சூட்டில் உன்னைக் கூட்டிவருகிற விஷயத்தைக் கேட்டேன். சட்டென்று முகம் மாறிவிட்டது. வழியிலே போறப்ப கேக்குற பேச்சா இது, முறைன்னு ஒண்ணு இல்லையா, தட்டு எங்கே என்றார்கள். அதுவும் நியாயம்தானே. இனி வீட்டுக்குப் போய் நாள் பார்த்துத் தட்டு வைப்பதற்குள் இந்த இரண்டு நந்திகளும் மறுபடி முறைத்துக்கொண்டால் என்ன செய்வது. பெரிய தீவில் பயா வாசலில் பூ விற்கிற டோ மியா என்ற பர்மாக்கார அம்மாள் ஒருத்தி, மழைக்கு ஒதுங்கின எங்களைத் தன் கொட்டகையில் உட்கார வைத்து, அரக்குத் தட்டில் லப்பெ கொண்டுவந்து வைத்தாள். நடுவில் ஊறிய தேயிலை, சுற்றிலும் வறுத்த பூண்டும் எள்ளும் கடலையும், உனக்குத்தான் பிடிக்குமே. இந்தத் தேசத்தில் சண்டை தீர்ந்தால் லப்பெ தின்பார்கள் என்று அவள் சும்மா பேச்சுக்குச் சொன்னாள். நான் விடவில்லை. அவளிடமே வெற்றிலை பாக்கும், பயாவுக்கு வைத்திருந்த சீப்பு வாழைப்பழமும் வாங்கி அந்தத் தட்டிலேயே அடுக்கி உன் அப்பா கையில் கொடுத்தேன். கப்பல் துறையில் நூறு ஆளை அதட்டுகிற மனுஷன், எங்க பொண்ணு, எங்க பொண்ணு என்று இரண்டு தரம் சொன்னார், மூன்றாம் தரம் சொல்லாமல் தட்டையே நீட்டிவிட்டார். உன் மாமனார் எழுந்து தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். தட்டை வாங்கிவிட்டால் சரி என்று அர்த்தம். பர்மாத் தட்டு செல்லுமா என்று உன் மாமியாரை ஒரு பார்வை பார்த்தேன், அவர்கள் வாய் நிறைய லப்பெ, பேச முடியாமல் தலையை ஆட்டினார்கள்.

ஆகவே ஆவணி 24 வியாழக்கிழமை நாங்கள் நாலு பேரும் அங்கே இருப்போம், வளையல் அடுக்கிவிட்டு அன்று சாயங்கால வண்டியிலேயே உன்னைக் கூட்டிவருகிறோம். அதுவரைக்கும் குடம் தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும், தேய்ந்து போக மாட்டார். பப்பாளிப் பக்கம் போகாதே. காலுக்கு உறை போட்டுக்கொள், அங்கே குளிர் இறங்கும் என்கிறார்கள். பழைய பருத்திப் புடவை நாலைந்து துவைத்து மடித்து வை, பிள்ளைக்கு வேண்டும், மறந்துவிடாதே. கடிதம் கண்டதும் இரண்டு வரி பதில் போடு. நீயும் உன் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், என்னைவிட அடக்கமான வாயோடு நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இதில் அப்பா கையால் ஒரு வரியும் இல்லையே என்று நினைக்காதே. நேற்றுத் திரும்பும்போது லாஞ்சிப் பலகையண்டை உன் மாமனார், நீங்க முதல்ல ஏறுங்க சம்பந்தி என்றார். உன் அப்பா, அது எப்படி, நீங்கதான் முதல்ல என்றார். நானும் உன் மாமியாரும் உள்ளே பேச்சு சுவாரஸ்யத்தில் இருந்தோம். நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் கரையில் ஒரே குடையில் நின்றிருந்தார்கள். அடுத்த லாஞ்சி செவ்வாய்க்கிழமை.

இப்படிக்கு,
உன் அம்மா
ரத்தினம்மாள்