முன்வரிசையில் சிரித்தவர்

இனி யாருக்கும் பயப்படத் தேவையில்லாத என் அன்பு அண்ணனுக்கு,

உங்கள் இறுதிச் சடங்கு குறையின்றி நடந்தது. வாழ்நாளெல்லாம் நீங்கள் மேடையில் கேலி செய்த நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர், அதாவது உங்கள் ஒய்பி, மலர்வளையத்தோடு கிள்ளான் வீட்டுக்கு வந்தார். உங்கள் உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இவரு என்னைய மாதிரி நடந்து காட்டுனா என் வைஃபே கன்பியூஸ் ஆயிடும்லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்த அறையில் சிரிக்காதவர்கள் நீங்களும் நானும்தான்.

தொடக்கத்தில் ஒய்பிக்குச் சிரிக்கத் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நீங்கள் முதன்முதலில் அடிக்கல் காட்சியை நடித்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் ஒரே தமிழ்ப்பள்ளிக்கு அடிக்கல் நாட்டி, படம் எடுத்து முடித்ததும் அதே கல்லைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் ஒய்பி. முன்வரிசையில் இருந்த நிஜ ஒய்பி பாதியில் எழுந்து போனார். காலியான அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே மீதியை நடித்தீர்கள். உங்களை நான் மதித்த நாள் அது.

பிறகு தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. நம் விருந்து நிகழ்ச்சிகளின் வழக்கம்தானே: எந்தப் பிரமுகர் வருகிறார் என்று ஏற்பாட்டாளர் முன்கூட்டியே சொல்வார், அவரைப் பற்றிய பகுதியை நடிகர் வெட்டிவிடுவார்.

"அண்ணே, ஒய்பி வராரு. அந்த அடிக்கல்லு மட்டும் வேணாம்லா."

"சரி பாஸ். நடையையும் தொப்பையையும் மட்டும் வச்சிக்கிறேன்."

இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நீங்கள் கூச்சப்படவில்லை.

ஒய்பியும் கற்றுக்கொண்டார். எழுந்து போவதைவிட உட்கார்ந்து சிரிப்பது ஆதாயம் என்று அவருக்குப் புரிந்தது. "என்னையப் பண்ணுங்க, என்னையப் பண்ணுங்க" என்று முன்வரிசையிலிருந்து அவரே கேட்டார். கேலியைத் தாங்குகிற மனிதர் கெட்டவராக இருக்க மாட்டார் என்று நம் சனங்கள் நம்பினார்கள், ஓட்டும் போட்டார்கள். அவரைக் குத்துவதாக நினைத்துக்கொண்டு அவருக்கு நீங்கள் பவுடர் பூசிக்கொண்டிருந்தீர்கள். இது உங்களுக்குத் தெரியாமல் இருந்ததா, அண்ணா? தெரியாது என்றால் நீங்கள் முட்டாள். தெரியும் என்றால் உங்களுக்கு என்ன பெயர்?

உங்கள் கடைசி நிகழ்ச்சிக்கு அந்தப் பள்ளிப் பெற்றோர் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். இடைவேளையில் ஒரு தாய் உங்களிடம் வந்து, "அண்ணே, நம்ம ஸ்கூல் கதை எப்ப வரும்? புள்ளைங்க இன்னும் கேபின்லதான் படிக்குது" என்று கேட்டார். நீங்கள் ஒப்பனை கலையாமல் புன்னகைத்து, "அடுத்த தடவை, தங்கச்சி" என்றீர்கள். ஒய்பி அன்றும் முன்வரிசையில் இருந்தார்.

பிள்ளைகள் இன்னும் தகரக் கேபினில்தான் படிக்கிறார்கள். மழை பெய்தால் ஆசிரியையின் குரல் கேட்பதில்லை. நீங்கள் அவரைப் போல் நடித்த காணொளியை ஒய்பி தம் தீபாவளி வாழ்த்தாகத் தொகுதி முழுவதற்கும் அனுப்பியிருக்கிறார்.

வரும் சனிக்கிழமை அதே பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் உங்களுக்கு நினைவஞ்சலி. தலைமை அவர்தான். குடும்பத்தின் சார்பில் நான் பேச வேண்டுமாம். "தம்பி, அடிக்கல் கதைய மட்டும் பேசிறாதீங்க. வீடு தேடி வந்த மனுசன்" என்றார் அண்ணி. உங்கள் ஏற்பாட்டாளர்களின் குரல் இப்போது உங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது.

அண்ணியிடம் நான் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களுக்கு மட்டும் ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் காட்சியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, பள்ளியின் பெயரோடும் அவருடைய பெயரோடும் சொல்வேன். எத்தனை முறை அதை நீங்கள் வெட்டிவிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். எனக்கு உங்கள் நடையோ குரலோ வராது. விரிவுரை நடத்துபவனைப் போலத்தான் பேசுவேன். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். சிரிப்பதற்கு அவருக்கு நான் ஓர் இடம்கூட விட்டுவைக்கப் போவதில்லை.

உங்கள் உடன்பிறந்த தம்பி,
சேகரன்
பூச்சோங்